சொந்தச் செலவில் சர்க்கரை சென்சார்: வாங்கும் முன் எண்ண வேண்டியவை

மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவியைப் பற்றி நோயாளிகள் எங்களிடம் பெரும்பாலும் கேட்பது, "எந்த நிறுவனத்தின் கருவி நல்லது?" என்பதே. செலவு முழுவதையும் தாமே ஏற்கும் குடும்பங்கள் அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. இக்கருவியிடமிருந்து நமக்குத் தெரிய வேண்டியது என்ன? அதற்கான விடையைப் பொறுத்தே எக்கருவி, எத்தனை நாள்களுக்கு என்பது அமையும்.

தோலுக்கடியில் செருகப்படும் மெல்லிய இழை, இரத்தத்தில் அன்றி, திசுக்களுக்கு இடையேயுள்ள நீரில் குளுக்கோஸை அளக்கிறது. ஆதலால் இரத்த அளவு விரைவாக மாறும்போது சென்சாரின் எண் ஏறத்தாழ 5 முதல் 15 நிமிடங்கள் பின்தங்கக்கூடும். கருவி காட்டும் எண் உடல் உணர்வோடு பொருந்தாவிடில் விரல் நுனியில் குத்திச் சோதிப்பதே முறை. எனவே சென்சார் வாங்கினாலும் குளுக்கோமீட்டரும் ஸ்டிரிப்புகளும் வீட்டில் இருக்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கு

ஒரு சென்சாரின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. 14 நாள்கள் உழைக்கும் சென்சார் ஓராண்டுக்கு 26 வேண்டும். 10 நாள்கள் உழைப்பது 37 வேண்டும். அவ்வெண்ணால் விலையைப் பெருக்கி, தனியே வாங்க வேண்டிய ரீடர் அல்லது டிரான்ஸ்மிட்டர் இருப்பின் அதன் விலையையும் கூட்டிப் பாருங்கள். அத்தொகையை இடைவிடாது செலுத்த இயலுமா என்பதைக் குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்வது நன்று.

யாருக்கு எது?

முதல் வகை நீரிழிவு உள்ளோர், நாள்தோறும் பலமுறை இன்சுலின் செலுத்துவோர், சர்க்கரை தாழ்வதை வியர்வை, நடுக்கம் முதலிய அறிகுறிகளால் உணர இயலாதோர் ஆகியோருக்குத் தொடர்ந்த பயன்பாடு பெரிதும் உதவும். இவர்களுக்கு எச்சரிக்கை ஒலி இன்றியமையாதது. உறக்கத்தில் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கும்போது எழுப்பாத கருவி, விலை குறைந்ததாயினும், இவர்களுக்கு ஏற்றதன்று.

மாத்திரை மட்டும் உட்கொள்ளும் இரண்டாம் வகை நோயாளிகளுள் பெரும்பாலோர் ஆண்டு முழுதும் சென்சார் அணியத் தேவையில்லை. மருந்து மாற்றும்போதோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி வீட்டுச் சோதனைகளோடு ஒத்துப்போகாதபோதோ 14 நாள்கள் அணிந்தாலே போதிய விவரம் கிடைக்கும். இதற்கெனவே உள்ள ஃபிரீஸ்டைல் லிப்ரே புரோ போன்ற சென்சார்கள் 15 நிமிடத்திற்கு ஒருமுறை அளவைப் பதிவு செய்து வைக்கின்றன. மருத்துவமனை ரீடரில் அதனைப் படித்துக்கொள்ளலாம் என்பதால் நோயாளி தனியாக ரீடர் வாங்க வேண்டியதில்லை. ஆயினும் இவ்வகை எச்சரிக்கை செய்யாது.

அந்த இரு வாரங்களில் உண்டது, உண்ட நேரம், நடந்தது, மருந்து எடுத்தது ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். காலை இட்லிக்குப் பின் எவ்வளவு ஏறுகிறது, இரவுணவு தாமதமானால் என்ன நேர்கிறது என்பவை அக்குறிப்போடு சேர்ந்தே புலப்படும்; குறிப்பில்லாத வரைபடத்தால் பாதிப் பயனே விளையும்.

கடையில் கேட்க வேண்டியவை

உங்கள் கைபேசியில் அக்கருவியின் செயலி இயங்குமா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். வெளியூரில் வாழும் மகனோ மகளோ அளவுகளைப் பார்க்க வேண்டுமெனில், பகிரும் வசதி உள்ளதா எனக் கேளுங்கள். காலாவதி நாளைப் பாருங்கள். சென்சார் இடையில் கழன்றாலோ பழுதானாலோ மாற்றித் தருவார்களா என்பதையும் கேட்டு, பெட்டியையும் ரசீதையும் பாதுகாத்து வையுங்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ உறவினர் வாங்கி வரும் கருவி மி.மோல்/லி. என்னும் அலகில் காட்டக்கூடும். அவ்வெண்ணை 18 ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய மி.கி. கணக்கு வரும். வேற்று நாட்டுச் சென்சாரை இங்குள்ள ரீடர் ஏற்காமலும் போகலாம்.

மருந்துகளையும் மறவாதீர்கள். சில சென்சார்கள் மிகுந்த அளவு வைட்டமின் சி மாத்திரையாலும், வேறு சில பாராசிட்டமாலாலும் உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும். அதனால் தாழ்ந்திருக்கும் சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமற்போகும். மாறாக, சென்சார் உள்ள பக்கமாக அழுத்திப் படுத்தால் பொய்யாகத் தாழ்ந்த எண் வரலாம்.

எண்களைப் படிக்கும் முறை

ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திற்கும் அஞ்ச வேண்டா. பெரும்பாலோருக்கு நாளின் 70 சதவீத நேரம் 70-க்கும் 180-க்கும் இடையே அளவு இருத்தலும், 70-க்குக் கீழே 4 சதவீதத்திற்கும் குறைவான நேரமே இருத்தலும் இலக்காகும். முதியோருக்கும் கருவுற்றோருக்கும் இவ்விலக்குகள் வேறுபடும். எண்ணைப் பார்த்துத் தாமே இன்சுலின் அளவை மாற்றுவதைத் தவிருங்கள்.

இறுதியாக ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். சென்சார் அளக்குமேயன்றிச் சிகிச்சை ஆகாது. அதன் செலவுக்காக இன்சுலினைக் குறைப்பதும், கண், சிறுநீரக, பாதப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடுவதும் தீங்கையே விளைவிக்கும். மாதம் ஒன்றுக்கு எவ்வளவு செலவிட இயலும் என்பதைத் தயங்காமல் உங்கள் மருத்துவரிடம் கூறுங்கள். அத்தொகைக்குள் விரல் நுனிச் சோதனையை எந்நேரங்களில் செய்வது, சென்சாரை எப்போது அணிவது என்பதை உங்களோடு அமர்ந்து வகுத்துத் தருவதும் எங்கள் பணியே.