திட்ட மேலாளருக்கு யார் துணை?

‘திட்ட மேலாளர்’ என்றவுடன் நம்மில் பலருக்கு வெள்ளைத் தலைக்கவசமும் கையில் சுருட்டிய வரைபடமும் பின்னால் நாலைந்து பேர் நடந்துவரும் காட்சியுமே மனக்கண்ணில் தோன்றும். பொறியியலும் கணினி அறிவியலும் படிப்பவர்கள் மட்டுமன்றி வணிகம் பயிலும் நண்பர்களும் இன்று இப்பதவியைக் குறிவைத்தே படிக்கின்றனர். சம்பளம் எவ்வளவு, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்றெல்லாம் நாம் விசாரிக்கிறோம். ஆனால், அந்த நாற்காலியில் அமர்ந்த பிறகு ஓர் ஐயம் எழுந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று விசாரிப்பதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் இந்த வேலையின் இயல்பைப் புரிந்துகொள்வோம். அலுவலக வேலை நாள்தோறும் திரும்ப வருவது. திட்டமோ ஒரு நாள் தொடங்கி ஒரு நாள் முடிவது. குறித்த காலம், குறித்த பணம், குறித்த தரம் ஆகிய மூன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவரே திட்ட மேலாளர். பொறுப்பு அவருடையது என்றாலும் அதிகாரம் பெரும்பாலும் மற்றவர் கையில்தான் இருக்கும். தொழிலாளர்கள் துணைக் குத்தகையாளரின் ஆட்கள். காசோலையில் கையெழுத்திடுபவர் இயக்குநர். அனுமதி தருவது ஊராட்சி மன்றம். இவர்களில் எவர் தாமதித்தாலும் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவர் மேலாளர்தான்.

இதனால் அவர் தனித்துப் போகிறார். “எனக்குத் தெரியவில்லை” என்று முதலாளியிடம் சொன்னால் திறமையில்லாதவர் என்ற பெயர் வரும். தம்மிடம் பணிபுரிவோரிடம் சொன்னால் அவர்கள் நம்பிக்கை இழப்பார்கள். வாடிக்கையாளரிடம் சொன்னாலோ அது கூட்டக் குறிப்பில் ஏறிவிடும். நாளை ஒரு தகராற்றில் அதுவே சான்றாகவும் வரலாம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு ஆசிரியர் அறை இருக்கிறது; ஒரு வகுப்பில் ஏற்பட்ட சிக்கலை அங்கே இன்னோர் ஆசிரியரிடம் சொல்லலாம். ஒரு கட்டுமானத் தளத்திற்கோ பெரும்பாலும் ஒரே ஒரு மேலாளர். பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்பவர் கிடையாது.

அப்படியானால் நூல்களும் சான்றிதழ்களும் எதற்கு என்று கேட்கலாம். அவற்றுக்கும் பயன் உண்டு. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்ட மேலாண்மைக் கழகம், சுருக்கமாகப் பி.எம்.ஐ., இத்துறையின் பேரமைப்பாகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதற்குக் கிளைகள் உள்ளன. அது வெளியிடும் ‘பிம்பொக்’ என்னும் வழிகாட்டி நூல் 1996இல் முதல் பதிப்பாக வந்தது. 2017இல் வந்த ஆறாம் பதிப்பு 10 அறிவுத் துறைகளையும் 49 செயல்முறைகளையும் விவரிக்கும் தலையணை நூல். 2021இல் வந்த ஏழாம் பதிப்போ அந்த அமைப்பையே விட்டுவிட்டு 12 கொள்கைகளை முன்னிறுத்தியது. நான்கே ஆண்டுகளில் இத்தனை மாற்றம்! மனப்பாடம் செய்தே காலம் தள்ளலாம் என்று நம்புவோர் இதைச் சற்று கவனிக்க வேண்டும். எனினும் இத்தகைய நூல் நமக்கு ஒரு பொது மொழியைத் தருகிறது. ஈப்போவில் இருப்பவரும் சிங்கப்பூரில் இருப்பவரும் ‘இடர் பட்டியல்’ என்றால் ஒரே பொருளில்தான் பேசிக்கொள்வார்கள்.

இன்னொரு நூலையும் சொல்லியாக வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய கணினி மென்பொருள் திட்டமொன்றை நிர்வகித்த பிரெடரிக் புரூக்ஸ், 1975இல் தம் அனுபவத்தை நூலாக்கினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் புதிதாக ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது அவர் கண்டது. கணக்கு எளிதுதான். 5 பேர் ஒருவரோடொருவர் பேச வேண்டுமானால் 10 இணைப்புகள். ஆளை 10ஆகக் கூட்டினால் இணைப்புகள் 45. ஆள் இரட்டிப்பானது, பேச்சு நான்கு மடங்குக்கும் மேலானது. “இன்னும் ரெண்டு பேரப் போடு, முடிஞ்சிரும்” என்று சொல்லும் எந்த முதலாளிக்கும் இந்நூலைப் பரிசளிக்கலாம்.

இருந்தாலும், எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பதை எந்த நூலும் நமக்குச் சொல்வதில்லை. என் தொழிற்பயிற்சியின்போது கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு கட்டுமானத் தளத்தில் இதை நேரில் கண்டேன். அடித்தளம் தோண்டும் நேரம். மூன்று வாரமாக விடாத மழை, குழியெல்லாம் நீர். எங்கள் மேலாளர் முப்பது வயதைத் தாண்டாதவர். வேலை பின்தங்குவதை நாள் தவறாமல் குறிப்பேட்டில் எழுதி வந்தார். ஒரு நாள் மதியம், வேறொரு நிறுவனத்தில் அதே வேலையில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் தொலைபேசியில் மழையைப் பற்றிப் புலம்பினார். மறுமுனையிலிருந்து வந்தது ஒரே ஒரு கேள்விதான்: “மழ பேஞ்சது சரி தம்பி, லெட்டர் எப்பப் போட்டே?”

அந்தக் கேள்வியின் பின்னால் இருப்பது இதுதான். தனியார் கட்டடங்களுக்கு இங்கே பரவலாகப் பயன்படுவது மலேசியக் கட்டடக் கலைஞர் கழகத்தின் ‘பாம்’ ஒப்பந்தப் படிவம். அதன் 23ஆம் பிரிவின்படி, வழக்கத்தை மீறிய கடும் வானிலையால் வேலை தடைபட்டால் கால நீட்டிப்புக் கேட்கலாம். ஆனால், தடை தொடங்கிய 28 நாள்களுக்குள் கட்டடக் கலைஞருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் கேட்கும் உரிமையே போய்விடும். நீட்டிப்பு இல்லையென்றால் தாமத இழப்பீடு. நாளொன்றுக்கு 5,000 ரிங்கிட் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் 20 நாள் தாமதத்திற்கு ஒரு இலட்சம் ரிங்கிட். மேலும், பருவத்தில் பெய்யும் சாதாரண மழை கணக்கில் வராது. வானிலை ஆய்வுத் துறையிடம் மழையளவுப் பதிவைக் கேட்டு வாங்கி, முந்தைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றும் அந்த மூத்தவரே சொல்லிக் கொடுத்தார். ஒப்பந்தம் எங்கள் மேலாளரின் அலமாரியில்தான் இருந்தது. அதைத் திறக்க வைத்தது வெளியாள் ஒருவரின் கேள்வி. அன்று மாலையே கடிதம் சென்றது. மழை தொடங்கி அன்று 22ஆவது நாள்.

ஒத்த பணியாளர்களின் துணை என்பது இதுதான். இதை முறையாகச் சிந்தித்தவர் இங்கிலாந்தின் ரெஜினால்ட் ரெவன்ஸ். கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆய்வாளராக இருந்தவர். 1928 ஒலிம்பிக்கில் நீளம் தாண்டியவரும்கூட! 1940களில் அவர் நிலக்கரிச் சுரங்கத் துறையின் கல்விப் பொறுப்பை ஏற்றார். சுரங்க மேலாளர்களை வகுப்பில் உட்கார வைத்து விரிவுரை நடத்துவதை அவர் விரும்பவில்லை. மாறாக, அவர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, ஒருவர் சுரங்கத்தை மற்றவர் சென்று பார்க்கவும் அவரவர் சிக்கலைப் பேசவும் வைத்தார். தெரிந்த விடையைச் சொல்லித் தருவது ஒன்று, விடை தெரியாத இடத்தில் சரியான கேள்வியை எழுப்புவது மற்றொன்று. இரண்டும் சேர்ந்ததே கற்றல் என்பது அவர் கொள்கை. அக்குழுவினரை அவர் ‘துன்பத்தில் தோழர்கள்’ என்றழைத்தார்.

ஜூலியன் ஓர் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1980களில் ஸெராக்ஸ் நகல் இயந்திரம் பழுது பார்ப்பவர்களோடு சுற்றினார். அவர் கண்டதும் இதைப் போன்றதே. கையேட்டில் இல்லாத பழுது வந்தால் அவர்கள் காலைச் சிற்றுண்டி நேரத்தில் ஒருவருக்கொருவர் கதை சொல்லியே தீர்வு கண்டார்கள். நிறுவனத்தின் பார்வைக்கு அது வெட்டிப் பேச்சு. உண்மையில் வேலையின் பாதி அங்கேதான் நடந்தது. நம் ஊர் மாமாக் கடை மேசைகளில் தே தாரிக்கோடு நடக்கும் பேச்சுகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

ஆனால் தே தாரிக் பேச்சுக்கும் துணைக்குழுவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வெறும் பேச்சில் குரல் பெரியவர் பேசிக்கொண்டே இருப்பார். மற்றவர் தலையாட்டிவிட்டு வருவார். குழு என்றால் ஐந்தாறு பேர், வெவ்வேறு நிறுவனத்தினர், மாதம் ஒரு முறை. ஒரு கூட்டத்தில் ஒருவர் அல்லது இருவரின் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் விளக்கிய பிறகு மற்றவர்கள் முதலில் கேள்வி மட்டுமே கேட்க வேண்டும்; “நான் உன் இடத்தில் இருந்தால்” என்று ஆரம்பிக்கக் கூடாது. இது மிகவும் கடினம், குறிப்பாக மூத்தவர்களுக்கு. நம் பண்பாட்டில் அண்ணன் என்றால் அறிவுரை சொல்பவர், தம்பி என்றால் கேட்டுக்கொள்பவர். இறுதியில் சிக்கலுக்குரியவர் தாம் செய்யப் போவதைச் சொல்வார். அடுத்த மாதம் அவர் அதைச் செய்தாரா, என்ன நடந்தது என்பதிலிருந்தே கூட்டம் தொடங்கும்.

சட்டம் ஒன்றையும் மறக்கலாகாது. குழுவில் இருப்பவர்கள் போட்டி நிறுவனத்தினராக இருக்கலாம். 2012 ஜனவரி முதல் நடப்பிலுள்ள 2010ஆம் ஆண்டு போட்டிச் சட்டம், நிறுவனங்கள் தங்களுக்குள் விலையை நிர்ணயிப்பதையும் குத்தகை ஏலத்தில் கூட்டுச் சேர்வதையும் தடை செய்கிறது. ஆகவே விலை, இலாப விகிதம், வரப்போகும் டெண்டர் ஆகியவை மேசைக்கு வரவே கூடாது. வாடிக்கையாளர் பெயரையும் தவிர்ப்பது நல்லது. சிக்கலைச் சொல்ல அவை தேவைப்படுவதுமில்லை. “ஒரு துணைக் குத்தகையாளர் ஆளை வேறு தளத்திற்கு மாற்றிவிட்டார்” என்றாலே கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

இதில் நம் சமூகத்தின் பங்கு என்ன? குடும்பத்திலேயே குத்தகையாளரோ பொறியாளரோ இருப்பவருக்குக் கேட்க ஒரு மாமா, ஒரு சித்தப்பா இருப்பார். தோட்டத்திலிருந்து வந்து குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் பெறுபவருக்கு அந்த மாமா இல்லை. அவருக்குக் குழு என்பது வசதிக்காக அன்று. வேறு வழியே இல்லை. மொழியும் இதில் சேர்கிறது. அரசாங்க அதிகாரியிடம் மலாய், ஆலோசகரிடம் ஆங்கிலம், தளத்தில் வங்காளதேசத் தொழிலாளியிடம் கையும் சைகையும் கலந்த ஒரு மலாய் என்று நாள் முழுதும் மாற்றி மாற்றிப் பேசுபவர் அவர். “எனக்குப் பயமாக இருக்கிறது” என்பதை அவரால் தமிழில் சொல்ல முடிகிறது. கால நீட்டிப்பு, இடர், துணைக் குத்தகை என்று தமிழ்ச் சொற்களும் நம்மிடம் இருக்கின்றன, புழங்கத்தான் ஆளில்லை.

மாணவராக இருக்கும்போதே தொடங்க வழியுண்டு. பி.எம்.ஐ. கிளையில் மாணவர் உறுப்பினராகலாம். பி.எம்.பி. சான்றிதழுக்குப் பட்டதாரிகளிடம் மூன்றாண்டு அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள். சி.ஏ.பி.எம். என்னும் தொடக்கநிலைச் சான்றிதழுக்கோ இடைநிலைக் கல்வியும் 23 மணி நேரப் பயிற்சியும் போதும். வேலை அனுபவம் தேவையில்லை. வேலைக்குச் சென்றபின் பயிற்சிக் கட்டணத்தை நிறுவனத்திடம் கேட்கத் தயங்க வேண்டாம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் மாதச் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகத்திற்கு வரியாகச் செலுத்துகின்றன. அப்பணம் பயிற்சிக்காகவே உள்ளது. பி.எம்.பி. பெற்றவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 மேம்பாட்டுப் புள்ளிகள் சேர்த்தால்தான் சான்றிதழ் நிலைக்கும். பிறருக்கு வழிகாட்டுவதற்கும் அதில் புள்ளி உண்டு. எனவே நீங்கள் ஒரு மூத்தவரைத் தேடிச் சென்றால், அவருக்கும் அது கணக்கில் சேரும்.

குழுவுக்கு ஆள் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் தமிழ்மொழிக் கழகத்தின் முன்னாள் உறுப்பினர் பட்டியலில் தளத்திலும் தொழிற்சாலையிலும் மென்பொருள் நிறுவனத்திலும் பணிபுரியும் அக்காமாரும் அண்ணன்மாரும் இருக்கிறார்கள். நால்வர் சம்மதித்தால் முதல் சனிக்கிழமைக் காலை போதும். கழக அறையின் சாவி செயலாளரிடம் இருக்கிறது.