அக்கியும் உதட்டுக் கொப்புளமும்: பத்தியம் வேண்டுமா?



காய்ச்சல் விட்ட மறுநாள் உதட்டோரத்தில் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். முதலில் அரிப்பும் எரிச்சலும் வரும். பிறகு கொப்புளம் எழும்பும். அது உடைந்து பொருக்குத் தட்டி, ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். சில மாதங்கள் கழித்து, ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடியும் தலைகாட்டும்.

"உடம்புச் சூடு" என்று வீட்டில் சொல்வார்கள். உடனே பத்தியம் தொடங்கிவிடும். மீன் கூடாது, முட்டை கூடாது, கோழி கூடாது. ஆறும் வரையில் வெறும் கஞ்சி என்று கட்டளை பிறக்கும். இந்தப் பத்தியம் நோயாளிக்கு உதவுகிறதா, இல்லை அவரை மேலும் வாட்டுகிறதா என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்குவது ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸ் கிருமி. உலகத்தில் 50 வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் இதன் முதல் வகை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதிலேயே முத்தத்தின் மூலமாகவோ எச்சிலின் மூலமாகவோ தொற்றிவிடுகிறது. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும். அதுவும் நோய்தான், அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புண் ஆறினாலும் கிருமி உடலை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேர்முடிச்சுக்குள் சென்று உறங்கிக் கிடக்கும். காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மனக்கவலை, பெண்களுக்கு மாதவிலக்கு நாட்கள் ஆகியவை அதைத் தட்டி எழுப்பும். செம்பனைக் காட்டில் நாள் முழுவதும் வெயிலில் குலை சுமப்பவர்களும் புல் வெட்டுபவர்களும் தொப்பி அணிவதும், முகத்தின் மேல் நிழல் விழும்படி துண்டு கட்டுவதும் இதனால்தான் நல்லது.

இனி உணவுக்கு வருவோம். நாம் உண்ணும் புரதம், அமினோ அமிலங்கள் என்னும் சிறு சிறு செங்கற்களால் ஆனது. அவற்றில் இரண்டின் பெயரை மட்டும் இன்று நினைவில் வைத்துக்கொள்வோம். ஒன்று லைசின், மற்றொன்று ஆர்ஜினின். ஆர்ஜினின் கிடைக்காவிட்டால் ஹெர்ப்பிஸ் கிருமி பெருக முடியாது என்பது 1964-இல் ஆய்வுக்கூடத்துச் சோதனையில் தெரியவந்தது. லைசினோ ஆர்ஜினினுக்குப் போட்டியாக நின்று அதன் வேலையைத் தடுக்கக் கூடியது. அப்படியானால், லைசினைக் கூட்டி ஆர்ஜினினைக் குறைத்தால் கொப்புளம் வராமல் தடுக்கலாமே என்ற எண்ணம் பிறந்தது. 1978-இல் அமெரிக்காவில் 45 நோயாளிகளுக்கு லைசின் கொடுத்துப் பார்த்து, பலன் உண்டு என்று எழுதினார்கள். அன்று முதல் இந்தப் பேச்சு உலகெங்கும் பரவிவிட்டது.

எந்த உணவில் எது மிகுதி? பாலில் ஆர்ஜினினைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் லைசின் இருக்கிறது. மீனிலும் கோழியிலும் லைசினே முந்தி நிற்கிறது. முட்டையில் இரண்டும் ஏறக்குறைய சமம். நிலக்கடலையில் ஆர்ஜினின் மூன்று மடங்கு. தேங்காயிலும் அதுவே மிகுதி. பருப்பில் இரண்டும் தாராளமாக உண்டு. நம் ஊர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். தேங்காய்ப் பாலும் கடலையும் ஒரு கட்சி. நெத்திலியும் முட்டையும் எதிர்க்கட்சி. ஒரே இலையில் இரண்டும் சமாதானமாக இருக்கின்றன!

இப்போது அரிசிக் கஞ்சியைப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1.8 கிராம் லைசின் தேவை. நாள் முழுவதற்கும் 300 கிராம் அரிசி பொங்கிச் சாப்பிட்டாலும் அதில் கிடைப்பது சுமார் 0.75 கிராம்தான். பாதிகூட இல்லை. அதோடு 50 கிராம் பருப்பைச் சேர்த்தால் மேலும் முக்கால் கிராம் வந்துவிடும். ஒரு முட்டை ஏறக்குறைய அரை கிராம் தரும். கணக்கு நிறைந்துவிட்டது. அரிசியில் குறைவதைப் பருப்பு நிறைக்கிறது. சோறும் பருப்பும் சேர்த்து உண்ணும் நம் வழக்கத்தின் அருமை இதுதான்.

பத்தியத்தில் என்ன செய்கிறோம்? மீனையும் முட்டையையும் நிறுத்துகிறோம். சில வீடுகளில் பருப்பையும் நிறுத்துகிறோம். புண் ஆறுவதற்கு உடல் புரதம் கேட்கும் நேரத்தில் அதைப் பறித்துவிடுகிறோம். லைசின் கதை முழுவதும் உண்மையோ இல்லையோ, வெறும் கஞ்சிப் பத்தியம் எந்தக் கணக்குப்படியும் நன்மை செய்யாது. வாய் எரிகிறதென்றால் காரத்தையும் புளியையும் குறைக்கலாம். குழைந்த சோறு, பருப்பு, ஆவியில் வெந்த மீன், முட்டை, பால் இவற்றைக் கொடுக்கலாம். உப்பில்லாமல் அவித்த தெம்பேயும் நல்லதே.

அப்படியானால் கடையில் விற்கும் லைசின் மாத்திரை வாங்கலாமா? 1978-இல் செய்த ஆய்வில் ஒரு குறை இருந்தது. மருந்து உண்ணாத மற்றொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தானாகவே ஆறும் நோயில் ஒப்பிட்டுப் பார்க்காமல் மருந்தின் பெருமையைப் பேச முடியாதல்லவா? பின்னர் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 1984-இல் வந்த ஆய்வு ஒன்றில் பலன் இல்லை. 1987-இல் வந்த ஒன்றில் ஓரளவு பலன் தெரிந்தது. 2015-இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள், லைசின் கொப்புளத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். ஆகவே சம்பளப் பணத்தை லைசின் புட்டியில் கொட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் முட்டையும் பருப்பும் வாங்கினால் குடும்பம் முழுவதும் உண்ணலாம். கடலையையும் தேங்காயையும் ஒதுக்கிவைக்கவும் தேவையில்லை.

நேயர்களே, இனிச் சொல்லப்போவது இன்னும் முக்கியமானது. உதட்டுக் கொப்புளத்தின் நெருங்கிய உறவான மற்றொரு நோய் அக்கி. இது சின்னம்மைக் கிருமியால் வருவது. சிறுவயதில் அம்மை போட்டு இறங்கியபின் அந்தக் கிருமி நரம்பில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து விழித்துக்கொள்கிறது. முதுகிலோ விலாவிலோ முகத்திலோ, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் எழும்பும். வலி நெருப்பாகச் சுடும். முதியவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் அதிகம் வருவது இது.

தமிழ்நாட்டு ஊர்களில் அக்கி வந்தால் குயவரிடம் போவது வழக்கம். அவர் செங்காவியைக் குழைத்துச் சிங்கமோ நாயோ போல உருவம் எழுதுவார். இதற்கு "அக்கி எழுதுதல்" என்றே பெயர். காவியின் குளிர்ச்சி எரிச்சலைச் சற்றுத் தணிக்கலாம். நம் பெரியவர்களின் நம்பிக்கையை நாம் இகழவில்லை. ஆனால் காவி கிருமியைக் கொல்லாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கவும் கூடும். அதைவிடப் பெரிய நட்டம், கைநழுவிப் போகும் நேரம்.

ஏனென்றால், அக்கிக்கு நல்ல மருந்து உண்டு. அசைக்ளோவிர் என்பது அதன் பெயர். அந்த மருந்து உருவான ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கிய கெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988-இல் நோபெல் பரிசு பெற்றார். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளைக்குள், மாத்திரையைத் தொடங்கினால் நோய் விரைவில் அடங்கும். குயவரைத் தேடியும் பத்தியம் காத்தும் நான்கு நாள் கழித்துப் போனால் பலன் குறையும். புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி தங்கி, தூக்கத்தைக் கெடுக்கும் முதியவர்கள் உண்டு. வலியோடு பால்மரம் சீவ முடியுமா? குலை வெட்ட முடியுமா?

சிலிம் ரிவரில் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. துரோலாக், தஞ்சோங் மாலிம் பக்கத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் காட்டலாம். உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருபவர்களுக்கும் இதே மருந்து களிம்பாகவும் மாத்திரையாகவும் உண்டு. அரிப்புத் தொடங்கிய உடனே பயன்படுத்தினால்தான் சிறப்பு.

மூன்று இடங்களில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. முதலாவது கண். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தாலும், கண் சிவந்து கூசி வலித்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய கண் சொட்டு மருந்தை விடவே கூடாது. சிலவகைச் சொட்டு மருந்து ஹெர்ப்பிஸ் கிருமியை வளர்த்துப் பார்வையைப் பறித்துவிடும். தாய்ப்பாலும் விட வேண்டாம்.

இரண்டாவது பச்சிளங் குழந்தை. உதட்டில் கொப்புளம் உள்ளவர் பாட்டியானாலும் மாமாவானாலும் குழந்தையை முத்தமிடக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தூக்கவும் கூடாது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்தக் கிருமி தொற்றினால் மூளையையும் ஈரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்திருந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, மேலில் கொப்புளம் தெரிந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மூன்றாவது கர்ப்பிணி. பிறப்புறுப்பில் புண் இருந்தால் பிரசவத்துக்கு முன்பே தாதியிடம் சொல்லிவிட வேண்டும். அக்கி வந்தவரின் கொப்புளநீர் பட்டால், சின்னம்மை வந்திராத கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அம்மை தொற்றக்கூடும். ஆகவே கொப்புளத்தைத் துணியால் மூடிவைப்பது நல்லது. துண்டையும் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

சுருங்கச் சொன்னால், சோற்றோடு பருப்பையும் மீனையும் நிறுத்தாதீர்கள். உணவு உடலைத் தாங்கும். கிருமியை அடக்குவது மருந்தின் வேலை. அந்த மருந்துக்கு மூன்று நாள்தான் கெடு. அதைப் பத்தியத்தில் கழித்துவிடாமல் நாம் எல்லாரும் பார்த்துக்கொள்வோம்.