வாயுவின் சுபாவம் அறிந்த அடுப்படி

தென்னாட்டின் எரிவாயு நிரப்பும் நிலையங்களுக்குத் திரவ வாயுவைச் சுமந்து செல்லும் டேங்கர் லாரிகளுள் பெரும்பாலானவை நாமக்கல்லைத் தாயகமாகக் கொண்டவை என்பதும், அவற்றின் உரிமையாளர் சங்கம் அந்நகரிலேயே இயங்கி வருகிறது என்பதும் இவ்வட்டாரத்தார் நன்கறிந்த விஷயங்கள். ஏறக்குறைய 18 டன் வாயுவோடு புறப்படும் அந்த லாரியை ஓட்டுகிறவர், 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அபாயகரமான சரக்குகளைப் பற்றிய பயிற்சி பெற்று, அதைத் தம் உரிமத்தில் பதிவு செய்துகொண்ட பிறகே வண்டியைத் தொடலாம். அதே வாயுவை 14.2 கிலோ சிலிண்டரில் வைத்துக்கொண்டு நித்தமும் சமைக்கிற குடும்பத்துக்கோ, பிறர் செய்வதைப் பார்த்துச் செய்யும் பழக்கத்தைத் தவிர வேறு பயிற்சி பெரும்பாலும் வாய்ப்பதில்லை. லாரி ஓட்டுநருக்கு உள்ள அந்த ஞானம் அடுப்படிக்கும் வந்து சேர வேண்டும்.

2021-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி காலையில் சேலம் கருங்கல்பட்டியில் நேர்ந்த சிலிண்டர் விபத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்டிருந்த வீடுகள் இடிந்து விழுந்து, அக்கம்பக்கத்தாரும் உயிரிழந்த துயரத்தை அந்த நகரம் மறந்திருக்காது. இத்தகைய விபத்துக்களில் பெரும்பாலும் வெடிப்பது இரும்புச் சிலிண்டர் அன்று. வாயு கசிந்து கலந்த அறையின் காற்றேயாகும். சிலிண்டரில் உள்ள புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானவை. ஆகையால் கசிந்த வாயு மேலெழாமல் தரையோடு தரையாகப் படர்ந்து, மேடையின் அடியிலும் வாசற்படியின் உட்புறத்திலும் தேங்கி நிற்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும் என்பதையும், காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே அது தீப்பற்றும் என்பதையும் சேர்த்து எண்ணினால், இராமுழுவதும் கசிந்த சிறு கசிவு விடியற்காலையில் என்ன செய்யும் என்பது விளங்கும்.

எனவே சிலிண்டர் வாங்கும் நாளில் செலவிடும் இரண்டு நிமிஷம் மிகவும் முக்கியமானது. கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கும் இரும்புப் பட்டைகளின் உட்புறத்தைப் பார்த்தால், அவற்றுள் ஒன்றில் ‘சி-27’ என்பதுபோல் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் எழுதியிருக்கும். ஏ, பி, சி, டி என்பவை வருஷத்தின் நான்கு காலாண்டுகளைக் குறிப்பதால், இந்தச் சிலிண்டர் 2027 செப்டம்பருக்குள் மறுபரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் பொருள். தவணை கடந்ததாயின் திருப்பி அனுப்பிவிடலாம். பிறகு மூடியைக் கழற்றி, வால்வினுள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, ரெகுலேட்டரை மாட்டியபின், இணைப்பின்மேல் சோப்பு நீரைத் தடவி, குமிழி எழும்புகிறதா என்று கவனிக்க வேண்டும். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பது விபரீதம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள டியூபையும், வெடிப்பு தென்படாவிட்டாலும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

இனி, குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு. சேலம் மாவட்டத்தில் அதை விநியோகிக்கும் உரிமை 2018-ஆம் வருஷத்து ஏலத்தில் இந்தியன் ஆயில் நிறுவனத்துக்குக் கிடைத்தது. இந்த வாயு பெரும்பாலும் மீத்தேன். காற்றில் ஏறக்குறைய பாதி கனமே உடையதாகையால் கசிந்தால் மேலெழுந்து கூரையடியில் சேரும். சிலிண்டர் வாயுவுக்குத் தரையை ஒட்டிய காற்றுவழி எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் இதற்குக் கூரையை ஒட்டிய காற்றுவழி. அழுத்தமும் வேறாதலால், சிலிண்டருக்கென அமைந்த அடுப்பை, அதன் ஜெட்டை மாற்றாமல் குழாயில் இணைக்கலாகாது. அந்த வேலையையும் நிறுவனத்தின் ஆளே செய்ய வேண்டும்.

இரண்டு வாயுக்களுக்கும் இயற்கையில் குறிப்பிடத்தக்க வாசனை கிடையாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில், நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில், 1937 மார்ச் 18 அன்று, தரைக்கடியில் ஒருவரும் அறியாமல் சேர்ந்திருந்த இயற்கை வாயு வெடித்து, ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டனர். அதன்பின்பே வாயுவில் துர்நாற்றப் பொருளைக் கலப்பது அங்கே சட்டமாயிற்று. இன்று நம் சிலிண்டரில் கலந்துள்ள மெர்காப்டனின் நாற்றம் நம்மைக் காக்க வந்த எச்சரிக்கை. அதை அலட்சியம் செய்வது மகாபாவம்.

நாற்றம் தெரிந்த கணத்தில் விளக்கின் ஸ்விட்சையோ மின்விசிறியின் ஸ்விட்சையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி எழும். ரெகுலேட்டரை அல்லது குழாயின் வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, தூரத்தில் நின்ற பிறகே போன் செய்ய வேண்டும். சிலிண்டர் கசிவுக்கு 1906 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, ஜலகண்டாபுரம் முதலிய ஊர்களில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் அமைந்த வீடுகள் பல. அங்கே ஓடும் தறியை உள்ளிருந்து நிறுத்த முயலாமல், மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே வாயு எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும், அங்கே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்போர், கதவடைத்த சிற்றறையில் நாற்றமே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்து உயிரைப் பறிக்கும் என்பதையும் மறக்கலாகாது.

வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், பாட்டி முதல் பள்ளி செல்லும் பிள்ளை வரை, ரெகுலேட்டரை மூடக் கற்றிருக்க வேண்டும். குழாய் வரும் தெருக்களில், வாயு வருவதற்கு முன்பாகவே, நிறுவனத்தாரும் உள்ளாட்சி மன்றங்களும் ஜனங்களைக் கூட்டி, அடுப்பையும் வால்வையும் கண்முன் வைத்து, தமிழில் செய்துகாட்ட வேண்டும். லாரி ஓட்டுநருக்குச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் கல்வியை அடுப்படிக்கும் கேட்டுப் பெறுவது, மாதந்தோறும் பணம் கொடுத்து வாயு வாங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய நியாயமாகும்.