தள்ளிப்போன திகதிகள்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை, கொவிட் தொற்றால் இலங்கை முழுவதும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. கண்டியில் பஸ்கள் நின்றன, கடைகள் மூடப்பட்டன. அதிகம் பேசப்படாமல் நின்றுபோன இன்னொன்றும் உண்டு. அது சத்திரசிகிச்சைக்காகக் காத்திருந்தோரின் பெயர்ப்பட்டியல்.

வெடித்த குடல்வால், விபத்துக் காயம், சிசேரியன் போன்றவற்றுக்கு வைத்தியசாலைகளின் கதவு திறந்தே இருந்தது. குடலிறக்கம், பித்தப்பைக் கல், கண்புரை, தேய்ந்த மூட்டு ஆகியவற்றுக்குத்தான் “பிறகு பார்ப்போம்” என்று சொல்லப்பட்டது.

கண்டி தேசிய வைத்தியசாலை நாட்டின் இரண்டாவது பெரிய வைத்தியசாலை. அதையும் பேராதனை போதனா வைத்தியசாலையையும் நம்பியிருப்பது கண்டி நகரம் மட்டுமல்ல; மாத்தளையும் நுவரெலியாவும் சேர்ந்த மத்திய மாகாணம் முழுவதும்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கிளினிக்குக்கு வருபவர் விடியுமுன்னே லயத்தை விட்டுப் புறப்பட வேண்டும். அன்றைக்கு அவருக்குப் பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் கிடைக்காது. போக்குவரத்துச் செலவு வேறு. பஸ்ஸே ஓடாத மாதங்களில் அப்படிப்பட்டவர் என்ன செய்திருக்க முடியும்? மார்ச் மாத இறுதியில் கண்டிக்கு அருகிலுள்ள அக்குறணை முற்றாக முடக்கப்பட்டது. அங்கிருந்து கண்டி எட்டிவிடும் தூரம்தான், ஆனாலும் வெளியே வர வழியில்லை.

கிளினிக் நோயாளர்களுக்கு மருந்துகளைத் தபால் மூலம் வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடு அப்போது செய்யப்பட்டது. நீரிழிவுக்காரருக்கும் இரத்த அழுத்தக்காரருக்கும் அது பேருதவி. கத்தி வைக்க வேண்டிய நோய்க்கு அப்படியொரு வழி இல்லை.

வைத்தியர்கள் பயந்து ஒதுங்கினார்கள் என்று அந்நாட்களில் சிலர் பேசினார்கள். அது நியாயமான பேச்சல்ல. முழு மயக்கம் கொடுக்கும்போது நோயாளியின் தொண்டை வழியாகக் குழாய் செலுத்துகிறார்கள். அந்த நேரத்தில் வெளிவரும் நுண்துளிகள், அருகில் நிற்கும் மயக்க மருந்து நிபுணரையும் தாதியையும் நேரடியாகத் தாக்கக்கூடியவை. ஒருவருக்குத் தொற்றினால் முழுக் குழுவுமே தனிமைப்படுத்தலுக்குப் போகும். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின் தேவைப்படும் தீவிர சிகிச்சைக் கட்டிலும் செயற்கைச் சுவாசக் கருவியும் கொவிட் நோயாளருக்காக ஒதுக்கப்பட்டிருந்தன. கூட்டம் கூடத் தடை வந்ததால் இரத்ததான முகாம்களும் குறைந்தன.

நோயாளிக்கும் ஆபத்து இருந்தது. சத்திரசிகிச்சைக்குச் சற்று முன்போ பின்போ கொவிட் தொற்றிய 1,128 பேரை 24 நாடுகளில் ஆராய்ந்த முடிவு 2020 மே மாதம் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அவர்களில் 23.8 வீதமானோர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். நிறுத்தியது சரியே என்று அந்த எண் சொல்கிறது. தொற்று ஏற்பட்டால் முடிந்தவரை ஏழு வாரமாவது கழித்தே சத்திரசிகிச்சை செய்வது நல்லது என்று மறு ஆண்டில் வந்த பெரிய ஆய்வொன்று காட்டியது.

ஆனால் நிறுத்தியதற்கும் விலை இருந்தது. தொற்று உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் மட்டும் உலகெங்கும் 2 கோடி 84 இலட்சம் சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போகும் அல்லது இரத்தாகும் என்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் வழிநடத்திய ஆய்வுக் குழு கணித்தது. பட்டியலில் “அவசரமில்லை” என்று எழுதுவதால் நோய் அப்படியே நின்றுவிடுவதில்லை. பித்தப்பையில் கிடந்த கல் நகர்ந்து குழாயை அடைத்தால் காமாலையும் கணைய அழற்சியும் வரும். குடலிறக்கத்தில் குடல் சிக்கி இரத்த ஓட்டம் நின்றுபோனால், அரை மணி வேலையாக முடிந்திருக்க வேண்டியது உயிர்ப் போராட்டமாகிவிடும். நீரிழிவுக்காரரின் காற்புண் நேரத்தோடு சுத்தம் செய்யப்பட்டிருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும். தாமதித்தால் முழங்காலுக்குக் கீழே முழுவதும் போகும். புற்றுநோயில் கணக்கு இன்னும் கடுமையானது. சத்திரசிகிச்சை நான்கு வாரம் தாமதிக்கும் ஒவ்வொரு தடவையும் இறப்பு அபாயம் 6 முதல் 8 வீதம் வரை கூடுகிறது என்று 2020 நவம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

முதல் அலை தணிந்து பட்டியல்கள் நகரத் தொடங்கின. ஒக்டோபரில் அடுத்த அலை. 2021 ஏப்ரல் புத்தாண்டுக்குப் பின் மூன்றாவது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் ஊரடங்கு.

கண்டிக்கு அதோடும் முடியவில்லை. தேங்கியவற்றைச் செய்து முடிக்க வேண்டிய காலத்தில் டொலர் தட்டுப்பாடு வந்தது. 2022 மார்ச் இறுதியில், மருந்துகள் இல்லாததால் பேராதனை போதனா வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் அச்செய்தியால் கலக்கமடைந்ததாகச் சொல்லி, எப்படி உதவலாம் எனப் பேசிப் பார்க்கும்படி தமது உயர்ஸ்தானிகரைப் பணித்தார். கொவிட்டில் ஒருமுறை திகதி இழந்தவர், மருந்துத் தட்டுப்பாட்டில் இரண்டாவது முறையும் இழக்கக்கூடிய நிலை அது.

இப்படித் திகதி தவறியவர்களில் பலர் திரும்பி வராமலே இருந்துவிடுவது வழக்கம். வலி பழகிப்போகிறது, மறுபடி போக ஒரு நாள் சம்பளம் தடுக்கிறது. அவர்களைத் தேடி அழைக்கும் பொறுப்பு வைத்தியசாலைகளுக்கும் தோட்ட வைத்திய நிலையங்களுக்கும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படியொருவர் இருந்தால் அவருடைய பழைய கிளினிக் புத்தகத்தைத் தேடி எடுங்கள். அது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு அவரை இந்த வாரமே அழைத்துப் போங்கள்.