தகரடப்பாவும் ஓர் அங்குலத் தோட்டாவும்

மதில்மேல் ஒரு காலித் தகரடப்பாவை நிறுத்திவைத்து, தள்ளி நின்று கல்லெறிந்து விளையாடியிருப்பீர்கள். கல் சரியாகப் பட்டால் 'டங்' என்று ஓர் ஓசை எழும். டப்பா துள்ளி விழும். பரிசு ஏதும் கிடையாது. இருந்தாலும் அந்த ஓசையை மறுபடி கேட்பதற்காகவே இன்னொரு கல்லைத் தேடுவோம்.

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் இதே விளையாட்டைச் சிறு துப்பாக்கி கொண்டு ஆடுகிறார்கள். குண்டு தகரத்தில் படும்போது 'ப்ளிங்க்' என்று கேட்கிறதாம். ஆகவே விளையாட்டின் பெயரும் 'ப்ளிங்கிங்' ஆகிவிட்டது. சிறுவர்கள் ஆடும்போது தந்தையோ தாத்தாவோ அருகில் இருப்பார். நம் நாட்டில் கொல்லைப்புறத்தில் இப்படிச் செய்ய முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பயிற்சிக்கென அனுமதி பெற்ற களமும் வேண்டும். ஆனால் அதே சிறு துப்பாக்கி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. உங்கள் பள்ளியில் தேசிய மாணவர் படை இருந்தால், 'பாயிண்ட் டூ டூ' என்ற பெயரை அண்ணன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குழலின் உட்குறுக்களவு 0.22 அங்குலம், அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர் என்பதே அப்பெயரின் பொருள்.

இந்த விளையாட்டுக்கு ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதும், அதை ஒழுங்காகச் சுடுவதும் பெரும்பாலும் பௌதிகக் கணக்குகளே. எப்படி என்று பார்ப்போம்.

விளிம்பில் இருக்கிறது நெருப்பு

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பறந்து செல்லும் ஈயத் துண்டுதான் குண்டு. குண்டு, அதைத் தள்ளும் வெடிமருந்து, இரண்டையும் தாங்கும் பித்தளைக் கூடு ஆகிய மூன்றும் சேர்ந்தது தோட்டா. 0.22 தோட்டாவின் மொத்த நீளம் ஓர் அங்குலம். அதன் குண்டு வழக்கமாக 2.6 கிராம் எடையுள்ளது.

பெரிய தோட்டாக்களின் அடிப்புறத்தில், நடுவில், பொட்டு வைத்தாற்போல ஒரு சிறு மூடி இருக்கும். அடிபட்டால் தீப்பற்றும் மருந்து அதனுள் இருக்கிறது. நம் சிறு தோட்டாவில் அந்தப் பொட்டு இல்லை. தட்டையான அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு மெல்லிய விளிம்பு மட்டுமே தெரியும். அந்த விளிம்பு உள்ளே பொள்ளலானது. தொழிற்சாலையில் ஈரமான மருந்தைக் கூட்டினுள் இட்டு, கூட்டை வேகமாகச் சுழற்றுவார்கள். தயிர் கடையும்போது மோர் பானைச் சுவரில் ஏறுவதைப் போல, மருந்து விலகி விளிம்பின் பொள்ளலுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் துப்பாக்கியின் சுடுமுள் விளிம்பின் ஓரிடத்தை நசுக்குகிறது, மருந்து பற்றிக்கொள்கிறது.

பிரெஞ்சுக்காரரான ப்ளோபேர் 1845இல் இதற்கு வழிகாட்டினார். வீட்டுக் கூடத்திற்குள்ளேயே இலக்குச் சுடும் சிறு துப்பாக்கிகளுக்காக அவர் செய்த தோட்டாவில், வெடிமருந்தே கிடையாது. எரிமூட்டும் மருந்து மட்டுமே சிறு குண்டைத் தள்ளியது. 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் சிறிது வெடிமருந்து சேர்த்த 0.22 தோட்டாவை வெளியிட்டது. இன்று நாம் காணும் 'லாங் ரைபிள்' என்ற வகை 1887இல் வந்தது.

சரி, இதே முறையில் பெரிய தோட்டா ஏன் செய்வதில்லை? விளிம்பு நசுங்கவேண்டுமானால் பித்தளை மெல்லியதாக இருக்கவேண்டும். மெல்லிய பித்தளையோ அதிக அழுத்தத்தைத் தாங்காது. இச்சிறு தோட்டாவினுள் எழ அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 1,600 மடங்கு. பெரிய வேட்டைத் துப்பாக்கிகளில் இது 4,000 மடங்கு வரை போகும். ஆக, எது இத்தோட்டாவை மலிவாக்குகிறதோ அதுவே இதைச் சிறிதாகவும் நிறுத்திவிட்டது. விளிம்பின் ஓரிடத்தில் மருந்து சரியாகப் பரவாமற் போனால், அடிபட்டும் வெடிக்காமல் இருந்துவிடுவதும் உண்டு. அப்போது உடனே திறந்து பார்க்கக்கூடாது. குழல் மண்மேட்டை நோக்கியபடியே அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். தாமதமாகப் பற்றும் தோட்டாவும் இருக்கலாம் அல்லவா?

பம்பரம்போல் சுழலும் குண்டு

குழலின் உட்சுவரில் திருகுபோல் சுற்றிச்செல்லும் வரிப்பள்ளங்கள் உள்ளன. 0.22 துப்பாக்கிகளில் பெரும்பாலும் 16 அங்குலத்திற்கு ஒரு சுற்று. ஈயம் மிருதுவானது, பள்ளங்களில் பதிந்து திருகிக்கொண்டே வெளியேறுகிறது. விநாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு விநாடிக்கு எத்தனை முறை சுழலும்? 330ஐ 0.406ஆல் வகுத்துப் பாருங்கள்: 800க்கும் மேல்! சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் குண்டு தலைகுப்புறப் புரளாமல் செல்கிறது.

கவண் கல்லுக்கும் இக்குண்டுக்கும் உள்ள வேறுபாடு அதுவே. வீழ்ச்சியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சட்டத்துக்கு உட்பட்டவை. குண்டு 50 மீட்டரைக் கடக்கச் சுமார் 0.16 விநாடி ஆகிறது. அந்நேரத்தில் புவியீர்ப்பு அதை 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். 100 மீட்டருக்கு மூன்றில் ஒரு விநாடி. வீழ்ச்சி அரை மீட்டருக்கு மேல். தூரம் இரண்டு மடங்கு, வீழ்ச்சி நான்கு மடங்குக்கும் அதிகம்.

இதற்காகவே குழல் சற்று மேல்நோக்கி இருக்கும்படி குறிபார்க்கும் உறுப்புகளை அமைக்கிறார்கள். தோட்டத்துக் குழாயால் தூரத்துச் செடிக்கு நீர் பாய்ச்ச, குழாயைத் தூக்கிப் பிடிக்கிறீர்களே, அதேதான். 50 மீட்டருக்கெனச் சரிசெய்த துப்பாக்கி, 25 மீட்டரில் குறிக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் மேலே சுடும். 100 மீட்டரிலோ கால் மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். குளிர்பான டப்பாவின் உயரமே 12 சென்டிமீட்டர்தான். அதன் நடுவைக் குறிவைத்தால் குண்டு அடியில் மண்ணைக் கிளப்பும். "துப்பாக்கி சரியில்லை" என்று குறை சொல்பவர்களில் பலர் தூரத்தை அளந்திருக்கமாட்டார்கள்.

வேகமானது நல்லதா?

கடையில் இருவகைத் தோட்டாக்கள் கிடைக்கும். ஒன்றின் குண்டு விநாடிக்கு 330 மீட்டர் அளவில் செல்வது. மற்றது 380 மீட்டர் அளவில். வேகமானதைத்தானே வாங்கவேண்டும்? இலக்குச் சுடும் போட்டியாளர்கள் மெதுவானதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஒலியின் வேகம் 15 பாகை செல்சியசில் விநாடிக்கு 340 மீட்டர் என்பது நினைவிருக்கிறதா? வேகக் குண்டு ஒலியை முந்திப் புறப்படுகிறது. சவுக்கைச் சொடுக்கியதுபோல் ஓர் ஓசையும் எழுப்புகிறது. ஆனால் ஏறக்குறைய 50 மீட்டர் செல்வதற்குள் காற்றின் தடை அதை ஒலியின் வேகத்துக்கே இறக்கிவிடும். அந்த எல்லையையொட்டிக் காற்றின் தடை மிகவும் அதிகம்.

பக்கக்காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஒரு சுவையான கணக்கு உண்டு. குண்டு பறக்கும் மொத்த நேரத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. காற்றே இல்லாவிட்டால் அத்தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட எவ்வளவு தாமதமாகிறது என்று பார்த்து, அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கவேண்டும். வேகக் குண்டு சீக்கிரம் போய்ச் சேர்ந்தாலும் அதன் தாமதம் அதிகம். எனவே 100 மீட்டரில் மெதுவான குண்டைவிட அதுவே அதிகம் விலகும்! எனக்கு இதை முதலில் நம்பவே முடியவில்லை. தாளில் போட்டுப் பார்த்தபின்தான் ஒப்புக்கொண்டேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பழைய மேற்கத்தியத் திரைப்படங்களில் வருவதுபோல் நெம்புகோலை இழுத்துச் சுடுவன உண்டு. முன்கட்டையைப் பின்னால் இழுத்துச் சுடுவனவும் உண்டு. வின்செஸ்டர் நிறுவனத்தின் 1890ஆம் ஆண்டு மாதிரி சந்தைக் கூடாரங்களில் புகழ்பெற்றது. ஒவ்வொரு முறை சுட்டதும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியும் இருக்கிறது. 1964இல் வந்த ரூகர் 10/22 இவ்வகையில் மிகவும் பெயர்பெற்றது. அதன் அமைப்பு எளிமையானது: குண்டு முன்னே செல்ல, அதே அழுத்தம் வெற்றுக்கூட்டைப் பின்னே தள்ளுகிறது, கனமான இரும்புத் துண்டு ஒன்று வில்லை அமுக்கிப் பின்வாங்கி, மறுபடி முன்வரும்போது புதுத் தோட்டாவைத் தள்ளிவிடுகிறது. அழுத்தம் குறைவானதால்தான் இவ்வளவு எளிய அமைப்பு போதுமானதாகிறது.

வேடிக்கைக்கு அதுவே சிறந்தது என்பார்கள். கற்பவருக்கு என் வாக்கு போல்ட் துப்பாக்கிக்கே. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழ்ப்பாளைத் திறந்து மூடவேண்டும். அந்த இடைவெளியில் 'ஏன் தவறியது?' என்று யோசிக்க நேரம் கிடைக்கும். தோட்டாவும் மிச்சம். அடுத்து, கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்தவேண்டும். நீளமான கட்டையைப் பிடித்தால் உடல் பின்னால் வளையும். தொலைநோக்கிக் குழல் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்தத் தோட்டா எந்தக் குழலுக்குப் பிடிக்கும் என்பதை மட்டும் சுட்டுப் பார்த்துத்தான் அறியமுடியும்.

முள்ளும் மூச்சும்

மாணவர் படையில் நான் முதன்முதலில் ஐந்து தோட்டா சுட்டேன். ஐந்தும் இடப்புறம் கீழே போயின. ஹவில்தார் ஆறாவது முறை தோட்டாவே போடாமல், எனக்குச் சொல்லாமல், துப்பாக்கியைத் தந்தார். விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை, ஆனால் குழலின் முனை கீழே குத்தியதை நானே கண்டேன்! அதிர்ச்சியை எதிர்பார்த்து என் தோள் முன்கூட்டியே துப்பாக்கியைத் தள்ளியிருக்கிறது. உண்மையில் பயப்பட அங்கு என்ன இருக்கிறது? குண்டின் உந்தம் 0.0026 × 330. மூன்று கிலோ துப்பாக்கி பின்வாங்கும் வேகம் விநாடிக்கு 30 சென்டிமீட்டர்கூட இல்லை. பழைய 303 ராணுவத் துப்பாக்கிக் குண்டின் உந்தம் இதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு.

கண்ணருகே உள்ள பிளவு, குழல் முனையிலுள்ள முள், தொலைவிலுள்ள டப்பா ஆகிய மூன்றையும் கண்ணின் வில்லை ஒரே நேரத்தில் தெளிவாகக் காட்டாது. முள்ளைத் தெளிவாகப் பாருங்கள். டப்பா மங்கலாக இருக்கட்டும். பிளவுக்கும் முள்ளுக்கும் இடையே 50 சென்டிமீட்டர் என்றால், முள் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே 50 மீட்டரில் பிழை 10 சென்டிமீட்டர். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்தவேண்டும். குண்டு வெளியேறியபின்னும் ஒரு கணம் அசையாதிருக்கவேண்டும்.

டப்பாவுக்கு அப்பால்

சிறிய தோட்டா என்று ஏமாந்துவிடக் கூடாது. அக்குண்டின் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் சுமார் 140 ஜூல் வரும். ஒரு கிலோ கல்லை 14 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். அதுவும் கால் சதுர சென்டிமீட்டர் பரப்பில்! தோட்டாப் பெட்டியில் 'ஒன்றரை மைல் வரை ஆபத்து' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அதாவது 2.4 கிலோமீட்டர். உங்கள் பள்ளி மணியோசை எட்டாத தூரம். தகரடப்பாவைத் துளைத்தபின்னும் குண்டு நிற்பதில்லை. எனவே நல்ல விளையாட்டுக்காரர் டப்பாவைத் தேடுமுன் அதன் பின்னே நிற்கும் மண்மேட்டைத் தேடுவார். மரக்கிளையில் தொங்கும் டப்பாவைக் கீழிருந்து சுடுவதும், மதில்மேல் வைத்ததைச் சுடுவதும் கூடாது; பின்னே வானம்தானே இருக்கிறது?

பாறையும் நீர்ப்பரப்பும் இன்னும் மோசம். குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக எறிந்தால் தத்தித் தத்திப் போகிறதல்லவா? குண்டும் அப்படியே எழும்பி, எங்கே போகும் என்று சொல்லமுடியாத திசையில் செல்லும். கண்ணாடிப் புட்டிகளும் வேண்டா. கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் அணியவேண்டும். ஈயம் நஞ்சு, முடிந்ததும் கைகழுவாமல் எதையும் தின்னக்கூடாது.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மகாராஷ்டிரத்தின் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார் அல்லவா? முழந்தாளிட்டும் படுத்தும் நின்றும் சுடும் அப்போட்டியின் தோட்டாவும் இதே விளிம்புத் தோட்டாதான். அங்கே நடுவட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், உங்கள் சட்டைப் பொத்தான் அளவு. குறிபார்க்கும் இரு உறுப்புகளுக்கிடையே 80 சென்டிமீட்டர் என்று கொண்டு, வடிவொத்த முக்கோணங்களால் கணக்கிடுங்கள். குண்டு மையத்திலிருந்து அந்த வட்டத்தின் ஓரத்துக்கு விலக, முன்னுள்ள உறுப்பு 0.08 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். ஒரு தலைமயிரின் பருமன் ஏறக்குறைய அவ்வளவுதான்.