"லிப்ட்" கேட்டு ஏறிய ஆசாமி! தூங்கும்போதும் மூடாத கண்!

மீன் பிடிக்கப் புறப்பட்ட இரண்டு நண்பர்கள், நடுரோட்டில் தனியாக நின்று கை காட்டிய ஒருவனைக் காரில் ஏற்றிக்கொண்டார்கள். பாவம், யாரோ தெரியவில்லை, வழியில் இறக்கிவிட்டால் போச்சு என்று நினைத்தார்கள். பின் சீட்டில் உட்கார்ந்தவன் கையில் துப்பாக்கி முளைத்தது!

"தி ஹிட்ச் ஹைக்கர்" என்ற அமெரிக்கப் படத்தின் கதை இது. ரோட்டோரம் நின்று ஓசி சவாரி கேட்பவனை அங்கே அப்படிச் சொல்வார்கள். 1953-ல் வெளிவந்தது. மொத்தமே 71 நிமிடம்தான். காதல் இல்லை, டூயட் இல்லை. எடுத்தவர் ஐடா லுபினோ என்ற நடிகை. பெண்கள் டைரக்ட் செய்வதே அபூர்வமாக இருந்த காலத்தில், இப்படி ஒரு திகில் படத்தைத் துணிந்து எடுத்தார்.

கற்பனையில் பிறந்த கதை அல்ல இது. நிஜம் இதைவிடப் பயங்கரம்.

6 பேரைக் கொன்றவன்

1950 டிசம்பர் கடைசி. பில்லி குக் என்ற 22 வயது வாலிபன், அமெரிக்காவில் ரோட்டில் போகும் கார்களை மடக்கத் தொடங்கினான். அவனுடைய வலது கண் இமையில் பிறவிக் குறை. முழுசாக மூடாது. கை விரல்களில் "போதாத காலம்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் பச்சை குத்தியிருந்தான்.

அவனுக்கு இடம் கொடுத்தவர்களில் ஒரு குடும்பமும் உண்டு. கணவன், மனைவி, 3 குழந்தைகள், ஒரு நாய். துப்பாக்கி முனையில் மூன்று நாள் அந்தக் குடும்பத்தை ஊர் ஊராகக் காரை ஓட்ட வைத்தான்.

டெக்சாசில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கார் நின்றது. கணவர் உயிரை வெறுத்துப் பாய்ந்து குக்கைப் பிடித்துவிட்டார். "காப்பாத்துங்க" என்று பங்க்காரரிடம் கதறினார். பங்க்காரர் என்ன செய்தார் தெரியுமா? மிரண்டுபோய்த் தன் துப்பாக்கியை எடுத்து நீட்டி, "இரண்டு பேரும் வெளியே போங்க" என்று விரட்டிவிட்டார்! கட்டிப் புரளும் இரண்டு பேரில் எவன் திருடன், எவர் நல்லவர் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

திமிறிக்கொண்ட குக், அவரை மறுபடியும் காருக்கே தள்ளிக்கொண்டு போனான். மிசூரி மாநிலத்தில் ஒரு பாழடைந்த சுரங்கக் குழியில் 5 பிணங்களும் கண்டெடுக்கப்பட்டன. நாயைக்கூட விட்டுவைக்கவில்லை.

பிறகு கலிபோர்னியாவில் ஒரு விற்பனைப் பிரதிநிதியைக் கொன்றான். அடுத்து இரண்டு நண்பர்களைப் பிடித்து, அவர்கள் காரிலேயே மெக்சிகோவுக்குத் தப்பினான். 1951 ஜனவரி 15-ந் தேதி, சாண்டா ரொசாலியா என்ற துறைமுக ஊரில் உள்ளூர் போலீஸ் தலைவர் நேரே நடந்து போய், அவன் இடுப்பிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கினார். நண்பர்கள் உயிரோடு மீண்டார்கள். 1952 டிசம்பர் 12-ந் தேதி சான் குவெண்டின் சிறையில் விஷ வாயு அறையில் குக்கின் கதை முடிந்தது.

ஏன் தாக்கவில்லை?

அந்த இரண்டு நண்பர்கள் பட்ட பாட்டைத்தான் லுபினோ படமாக்கினார். பெயர்களை மாற்றிவிட்டார். படத்தில் ஒருவர் கார் மெக்கானிக், இன்னொருவர் டிராப்ட்ஸ்மேன். நம்மைப் போல வேலைக்குப் போய் வருகிற சாதாரண ஆட்கள். கொலைகாரனாக வில்லியம் டால்மன் மிரட்டியிருக்கிறார். ஆரம்பத்தில் அவன் கால்களை மட்டும் காட்டுகிறார்கள். முகம் இருட்டுக்குள் இருக்கிறது. ஏற்றிக்கொள்கிறவர்களுக்கும் அப்போது தெரிந்தது அவ்வளவுதான்.

"அவன் ஒருத்தன், இவங்க ரெண்டு பேர். ராத்திரி தூங்கும்போது அமுக்க வேண்டியதுதானே?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கொலைகாரன் கையில் துப்பாக்கியோடு சாய்ந்து கிடக்கிறான். ஒரு கண் மூடியிருக்கிறது, ஒரு கண் திறந்திருக்கிறது. தூங்குகிறானா, பார்த்துக்கொண்டிருக்கிறானா? எழுந்து பார்த்தால்தான் தெரியும். எழுந்து பார்த்தால் உயிர் போகலாம். விடிய விடிய அந்தக் கண்ணையே பார்த்தபடி இருவரும் கிடக்கிறார்கள்.

துப்பாக்கியைவிடப் பெரிய கயிறு ஒன்றும் அவனிடம் இருந்தது. ஒருவர் ஓடினால் மற்றவர் செத்தார்! தனியாகத் தப்ப எத்தனையோ சந்தர்ப்பம் கிடைத்தும் சிநேகிதனை விட்டு ஓட மனசு வராத மடையர்கள் என்று அவர்களைக் கேலியே செய்கிறான். ஒருவர் கையில் தகர டப்பாவைப் பிடிக்கச் சொல்லி, இன்னொருவரைத் தூரத்திலிருந்து அதைச் சுட வைக்கிறான். குறி கொஞ்சம் தப்பினால் நண்பன் காலி. அந்தக் காட்சியில் சீட்டின் நுனிக்கு வராதவர்கள் யாரும் இருக்க முடியாது.

ஒரு இரவு இருவரும் ஓடியே பார்க்கிறார்கள். ஒருவருக்குக் கால் பிசகுகிறது. மற்றவர் விட்டுவிட்டுப் போகவில்லை. கார் துரத்தி வருகிறது. மாட்டிக்கொள்கிறார்கள்.

கடைசியில் துறைமுகத்தில், போலீசார் குறி தவறட்டும் என்று தன் உடுப்பை மெக்கானிக்கிற்குப் போட்டுவிட்டு, அவர் உடுப்பை இவன் மாட்டிக்கொண்டு வருகிறான். அதுவும் பலிக்கவில்லை. பிடிபடுகிறான்.

படம் முழுக்க அடங்கிக் கிடந்த மெக்கானிக், அவன் கையில் விலங்கு ஏறிய பிறகு வெறி பிடித்தவர் போல் பாய்ந்து குத்துகிறார். நண்பர்தான் அவர் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறார்.