அம்மோனியா கசிவும் பாதுகாப்பும்

அம்மோனியா கசிவு என்பது குளிர்பதன அறைகள், ஐஸ் ஆலைகள், உரத் தொழிற்சாலைகள், குழாய்கள், சரக்குக் கப்பல்கள் முதலியவற்றிலிருந்து அம்மோனியா வெளியேறி மனிதருக்கும் பிற உயிர்களுக்கும் தீங்கு விளைவிக்கும் விபத்தாகும். உரத் தொழிலும் கடல் உணவு ஏற்றுமதியும் அருகருகே நடைபெறும் தூத்துக்குடிக் கடற்கரையில் இந்த ஆபத்தை அறிந்திருப்பது தொழிலாளர்களுக்கும் சுற்றிலும் குடியிருப்போருக்கும் மிகவும் அவசியம்.

தூத்துக்குடியில் அம்மோனியா

1961ஆம் ஆண்டோடு இக்கரையில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு முடிவுக்கு வந்தது. அதன்பின் இறால், கணவாய், மீன் ஏற்றுமதி வளர்ந்தது. பிடித்த மீன் கெடாமலிருக்க ஐஸ் வேண்டும். ஏற்றுமதிக்கு உறைநிலை அறை வேண்டும். இவ்விரண்டிலும் குளிரூட்டும் பொருளாகப் பெரும்பாலும் பயன்படுவது அம்மோனியாவே. விலை குறைவு, குளிரூட்டும் திறன் அதிகம், ஓசோன் படலத்துக்குக் கேடில்லை என்பன இதற்குக் காரணங்கள்.

1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1975இல் ஸ்பிக் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. யூரியா தயாரிக்க அம்மோனியா அடிப்படைப் பொருள். உரத் தேவைக்காகத் திரவ அம்மோனியா கப்பல்களிலும் வந்து இறங்குகிறது. ஸ்பிக் ஆலையை ஒட்டி 1978இல் தொடங்கப்பட்ட கனநீர் ஆலையும் அம்மோனியா–ஹைட்ரஜன் பரிமாற்ற முறையில் இயங்கியதாகும்.

பண்புகள்

அம்மோனியா மூலக்கூறில் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. நிறமற்றது, கடும் நெடி உடையது. சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 850 லிட்டர் வாயுவாகும். சிறிய ஓட்டை கூட ஒரு கூடத்தை நிரப்பிவிடுவது இதனால்தான்.

நீரில் மிக எளிதில் கரைந்து காரக் கரைசலாக மாறும். கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவை ஈரமானவை என்பதால் வாயு முதலில் தாக்குவது இவற்றைத்தான். வியர்வையால் நனைந்த அக்குள், கழுத்து, இடுப்பு மடிப்புகளிலும் எரிச்சல் உண்டாகும்.

அம்மோனியா காற்றைவிட இலேசானது என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அது உண்மையே. ஆனால் அழுத்தத்தில் உள்ள திரவம் பீறிட்டு வெளிவரும்போது கடுங்குளிரும் நுண்துளிகளும் கலந்து வெண்பனி போன்ற மேகம் உருவாகிறது. இது காற்றைவிடக் கனமானது; தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும். ஆகவே, எப்படியும் மேலே போய்விடும் என்று எண்ணிக் கீழே படுப்பது தவறு.

காற்றில் ஏறத்தாழ 15 முதல் 28 விழுக்காடு வரை கலந்தால் தீப்பற்றவும் கூடும். செம்பையும் பித்தளையையும் அரிக்கும். எனவே குழாய்களும் வால்வுகளும் எஃகினால் அமைக்கப்படுகின்றன.

எவ்வளவு செறிவு ஆபத்தானது?

காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பதை ஒரு பிபிஎம் என்பர். எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி வரம்பு 25 பிபிஎம். 300 பிபிஎம் அளவு உயிருக்கு உடனடி ஆபத்து தரக்கூடியதாகக் கருதப்படுகிறது. 5,000 பிபிஎம்மைத் தாண்டினால் சில நிமிடங்களில் உயிர் போகலாம்.

வரம்பை எட்டுவதற்கு முன்பே பெரும்பாலோர்க்கு நெடி தெரிந்துவிடும். இது இயற்கை தரும் எச்சரிக்கை. ஆனால் நாள்தோறும் சிறு நெடியில் வேலை செய்பவரின் மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது. “இங்கே எப்போதும் இப்படித்தான் இருக்கும்” என்ற சொல்லே கசிவின் முதல் அறிகுறி.

கசிவைக் கண்டறிதல்

பள்ளி ஆய்வகத்தில் செய்யும் சோதனைகளே இங்கும் பயன்படுகின்றன.

• ஈரமான சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும். பினால்ப்தலீன் தோய்த்த ஈரத்தாள் இளஞ்சிவப்பாகும்.
• எரியும் கந்தகத் திரியைக் குழாய் இணைப்பின் அருகே காட்டினால் கசியும் இடத்தில் வெண்புகை தோன்றும். மிகச் சிறு கசிவைத் தேடுவதற்கு மட்டுமே இது ஏற்றது. வாயு நிறைந்த அறையில் நெருப்பு கூடாது.
• ஐஸ் ஆலைகளில் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் அம்மோனியாக் குழாய்கள் செல்கின்றன. அந்த உப்புநீரில் நெஸ்லர் கரைசலைச் சேர்த்து மஞ்சள் அல்லது பழுப்பு நிறம் வந்தால் குழாயில் ஓட்டை உண்டு.
• மின்னணு உணரிகள் குறைந்த செறிவிலேயே மணியடித்து எச்சரிக்கும்.

கம்ப்ரசரிலிருந்து எண்ணெய் வடிக்கும் நேரம் மிக ஆபத்தானது. எண்ணெயைத் தொடர்ந்து அம்மோனியா பீறிடலாம். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு பொருத்துவதும், வடித்து முடியும்வரை அவ்விடத்தை விட்டு நகராதிருப்பதும் கட்டாயம்.

கசிவு நேர்ந்தால்

முதலில் காற்றின் திசையைப் பார்க்க வேண்டும். கடலோர மக்கள் கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லியே அறிவர். அந்த அறிவு இங்கே உயிர் காக்கும். கச்சான் வீசினால் வாயு மேற்கிலிருந்து கடலை நோக்கிச் செல்லும்; கொண்டல் வீசினால் கரையிலிருந்து ஊருக்குள் வரும். காற்றடிக்கும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். குறுக்காக விலகி, பின் காற்று வரும் பக்கமாகச் செல்ல வேண்டும்.

ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது வெளியேறும் சில நிமிடங்களுக்கு உதவும். அந்தத் துணியை நம்பி மற்றவரை மீட்க உள்ளே செல்லக் கூடாது. காற்றுச் சிலிண்டருடன் கூடிய சுவாசக் கருவியும் பாதுகாப்பு உடையும் உள்ள பயிற்சி பெற்றவரே உள்ளே போகலாம்.

காற்றில் பரவும் வாயுவின் மீது நீர்த்திரை போலத் தெளித்தால் அது கரைந்து அடங்கும். ஆனால் தரையில் தேங்கிய திரவ அம்மோனியா மீது நீர் ஊற்றினால், நீரின் வெப்பத்தால் அது மேலும் வேகமாக ஆவியாகும். இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

முதலுதவி

கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து நீரால் கழுவ வேண்டும். காரத்தை நடுநிலையாக்குவதாக எண்ணி வினிகர், எலுமிச்சைச் சாறு போன்ற அமிலங்களை ஊற்றக் கூடாது. அவ்வினையில் வெப்பம் உண்டாகிப் புண் பெரிதாகும். உடலோடு உறைந்து ஒட்டிய துணியை இழுக்காமல், நீர் ஊற்றி இளகியபின் கழற்ற வேண்டும். வாயுவைச் சுவாசித்தவர் சிறிது நேரத்தில் தேறியதுபோல் தோன்றினாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். ஆதலால் மருத்துவரின் கண்காணிப்பு தேவை.

சில நிகழ்வுகள்

1992 மார்ச் 24 அன்று செனகல் நாட்டின் டக்கார் நகரில் அளவுக்கு மீறி நிரப்பப்பட்ட அம்மோனியாத் தொட்டி வெடித்து 129 பேர் இறந்தனர். 2023 டிசம்பர் 26 இரவு சென்னை எண்ணூரில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம் உள்ளிட்ட மீனவக் குடியிருப்புகளைச் சேர்ந்த பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2024 ஜூலையில் தூத்துக்குடி புதூர் பாண்டியாபுரம் பகுதியில் தனியார் மீன் பதப்படுத்தும் ஆலையில் நேர்ந்த கசிவில் சுமார் 30 பெண் தொழிலாளர்கள் மூச்சுத்திணறலுக்கு உள்ளாயினர். அவர்களுள் ஒடிசாவைச் சேர்ந்தவர்களும் இருந்தனர்.

சட்டமும் நடைமுறையும்

1984 போபால் விபத்துக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. 1989இல் அபாயகர இரசாயனங்களுக்கான விதிகள் வந்தன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருப்பு வைக்கும் ஆலைகள் அவசரகாலத் திட்டம் வகுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். சுற்றுப்புற மக்களுக்கும் ஆபத்தை விளக்க வேண்டும். சிறிய ஐஸ் ஆலைகளும் இறால் உரிக்கும் கூடங்களும் பெரும்பாலும் அந்த அளவை எட்டுவதில்லை. ஆனால் மூடிய கூடத்தில் பலர் நெருங்கி அமர்ந்து வேலை செய்யும் இடத்தில் சிறு கசிவும் பேராபத்தாகும்.

இத்தகைய கூடங்களில் குறைந்தபட்சம் இருக்க வேண்டியவை: பூட்டப்படாத இரு வெளிவாசல்கள், கூரைமேல் காற்றுத்திசை காட்டும் துணிக்கூம்பு, கண் கழுவும் குழாய், வெளியிலிருந்தே நிறுத்தக்கூடிய மின்விசை, தொழிலாளர்கள் பேசும் எல்லா மொழிகளிலும் எழுதிய எச்சரிக்கைப் பலகை. வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே, வாசல் எங்கே, காற்றை எப்படிப் பார்ப்பது என்பவற்றை நடந்து காட்டிக் கற்பிக்க வேண்டும்.